ஃபீட் ரீடர்: நாம படிக்க எது, கிளாசுக்கு எது?

பல சைட்ல புதுசா வர்றதை ஒரே இடத்துல சேத்துக் காட்டுற ஃபீட் ரீடர் எதை எடுக்கலாம்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி, நீங்க படிக்கவா இல்ல பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவாங்கிறதுதான். ரெண்டுக்கும்னு சொல்றவங்கதான் அதிகம், அதுலயும் டீச்சர்ஸ் கண்டிப்பா அப்படித்தான் சொல்வாங்க, ஏன்னா அவங்க படிக்கிறதுல பாதி பாடத்துக்காகத்தான் இருக்கும். ஆனா ரெண்டுக்கும் ஒரே ரீடர், ஒரே அக்கவுண்டுன்னு போனா ரெண்டுமே கெட்டுப்போகும், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. சொந்தமா படிக்கிறப்ப லிஸ்ட் உங்களோடது, ஒரு வாரம் தொறக்காம விட்டாலும் யாரும் கேக்கப் போறதில்ல. வகுப்புல அப்படி இல்ல, லிஸ்டை யாரு போடுறது, யாரெல்லாம் பாக்குறது, போன மாசம் வந்தது இப்ப கிடைக்குமா, பசங்க அக்கவுண்ட் தொறக்கணுமா வேண்டாமா, இப்படி கேள்விகளே வேற மாதிரி. அதனால ஆப் ஆப்பா எடுத்து மார்க் போடாம, எந்த வகை யாருக்கு ஒத்துவரும்னு மட்டும் சொல்றேன், வகை சரியா அமைஞ்சா ஆப் எதுவா இருந்தாலும் சமாளிச்சுக்கலாம்.

புதுசா வர்றவங்களுக்கு ஃபீட்னா என்னன்னு சுருக்கமா. ஒரு சைட் தன்னோட கடைசிப் பதிவுகளை எக்ஸ்எம்எல்ங்கிற, ஆப்புகள் படிக்கிற மாதிரியான ஒரு எழுத்து ஃபைல்ல போட்டு வச்சிருக்கும், ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, லிங்க், தேதி, சுருக்கமோ முழுப் பதிவோ, அப்புறம் ஜியுஐடின்னு ஒரு அடையாளம், அவ்வளவுதான் உள்ள இருக்கும். ரீடர் அப்பப்ப போய் அந்த ஃபைலை எடுத்து, இதுக்கு முன்னாடி பாக்காத ஜியுஐடி இருந்தா புதுசுன்னு காட்டும். சில சைட்ல ஏற்கனவே படிச்ச பதிவு திடீர்னு மறுபடி புதுசா வந்து நிக்குறதை நீங்க பாத்திருக்கலாம், பெரும்பாலும் அங்க ஏதோ மாத்துனதுல இந்த ஜியுஐடி மாறிருக்கும், ரீடர் மேல தப்பு இல்ல. இந்த ஃபீடை எழுதுற ஃபார்மட்டுக்குப் பேரு தான் ஆர்எஸ்எஸ், 1999ல நெட்ஸ்கேப்ங்கிற பிரவுசர் கம்பெனில ஆரம்பிச்சு, 2002ல ஆர்எஸ்எஸ் 2.0ன்னு வந்து நிலைச்சுது, 2005ல ஆடம்னு இன்னொரு ஃபார்மட்டும் முறையான ஸ்டாண்டர்டா வந்துச்சு. இன்னைக்கு இருக்குற எந்த ரீடரும் ரெண்டையும் படிக்கும், அதனால இந்த வித்தியாசத்தை மறந்துடலாம். பாட்காஸ்ட் கேக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க தெரிஞ்சோ தெரியாமலோ ஆர்எஸ்எஸ் தான் யூஸ் பண்றாங்க, ஆடியோ ஃபைலோட லிங்கை ஃபீடுக்குள்ள வைக்கிற ஏற்பாடு அது.

இப்ப முக்கியமான விஷயம். அந்த ஃபைலைப் போய் எடுக்குறது யாரு, எடுத்ததை எங்க வைக்குதுங்கிறதுல தான் ரீடர்கள் மூணு வகையா பிரியுது. ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், தி ஓல்ட் ரீடர் மாதிரி ஹோஸ்டட் சர்வீஸ்ல அவங்க சர்வர் போய் எடுக்கும், நீங்க பிரவுசர்லயோ போன்லயோ லாகின் பண்ணிப் பாக்கலாம். நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டுல ஃபீடர், டெஸ்க்டாப்ல தண்டர்பேர்ட் மாதிரி லோக்கல் ஆப்ல உங்க மெஷினே நேரா போய் எடுத்து உங்க மெஷின்லயே வச்சுக்கும், அக்கவுண்டே தேவையில்ல. மூணாவது ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் மாதிரி நீங்களே ஒரு சர்வர்ல போட்டு ஓட்டுறது.

இதுல பலரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா சொந்த வாசிப்புக்கும் சரி வகுப்புக்கும் சரி இதுதான் முடிவை மாத்தும். ஃபீட் ஃபைல்ல ஒரு சைட்டோட எல்லாப் பதிவும் இருக்காது, கடைசி சில பதிவுகள்தான் இருக்கும். வேர்ட்பிரஸ்ல எதையும் மாத்தாம விட்டா 10 பதிவு, யூட்யூப் சேனல் ஃபீடுல 15 வீடியோ. இப்ப ஒரு நாளைக்கு 8 பதிவு போடுற சைட்டை லோக்கல் ஆப்ல வச்சிருக்கீங்க, லீவுல ஒரு வாரம் லேப்டாப்பைத் தொறக்கவே இல்லன்னு வைங்க. திரும்பி வந்து தொறந்தா கடைசி 10 தான் கிடைக்கும், நடுவுல போனது போனதுதான், ரீடருக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியாது. அதே ஃபீட் ஒரு ஹோஸ்டட் சர்வீஸ்ல இருந்தா, நீங்க தூங்கினாலும் அவங்க சர்வர் போய் எடுத்துக்கிட்டே இருக்கும், திரும்பி வந்தா எல்லாம் வரிசையா இருக்கும். சொந்த வாசிப்புல நடுவுல நாலு பதிவு போனா ஒண்ணும் குடி முழுகிடாது, சொல்லப்போனா அது நல்லது கூட. ஆனா ஒரு மாணவி எழுதின பதிவு டீச்சரோட ரீடர்ல வராம போச்சுன்னா அது வேற பிரச்சனை.

அதுக்காக ஹோஸ்டட் தான் எப்பவும் ஒசத்தின்னு நினைக்காதீங்க. ரொம்பப் பேர் பின்தொடர்ற ஃபீடை அவங்க அடிக்கடி போய் பாப்பாங்க, நாலு பேர் மட்டும் சந்தா வச்சிருக்குற ஒரு சின்ன பிளாகை பல சர்வீஸ் மெதுவாத்தான் போய் பாக்கும். வகுப்புல பசங்க எழுதுற பிளாக் எல்லாமே இந்த ரெண்டாவது வகை தான். இப்ப எழுதி பப்ளிஷ் பண்ணிட்டேன் சார், உங்களுக்கு வந்துச்சான்னு பையன் நிக்குறப்ப ரீடர்ல ஒண்ணும் இருக்காது, லோக்கல் ஆப்பா இருந்தா கீழ இழுத்து ரிஃப்ரெஷ் பண்ணா அந்த நிமிஷமே வந்துடும். ஹோஸ்டட் சர்வீஸ்ல நீங்க ரிஃப்ரெஷ் அழுத்துறது பல சமயம் அவங்க கிட்ட ஏற்கனவே இருக்குறதைத் திருப்பிக் காட்டுறது மட்டும்தான், சைட்டுக்கே போய் பாக்குறது இல்ல.

சரி, முதல்ல சொந்த வாசிப்பு. ஒரே ஒரு போன், இல்ல ஒரே ஒரு லேப்டாப்ல தான் படிக்கிறீங்கன்னா நான் யோசிக்காம லோக்கல் ஆப் தான் சொல்வேன். அக்கவுண்ட் இல்ல, பாஸ்வேர்ட் இல்ல, நீங்க எதைப் படிக்கிறீங்கன்னு நடுவுல யாருக்கும் தெரியாது, சந்தா எத்தனை வச்சுக்கலாம்னு கணக்கும் இல்ல. ஃபீடை டவுன்லோட் பண்ணி வச்சுட்டா நெட் இல்லாத இடத்துலயும் எழுத்தைப் படிக்கலாம். ஒரு குறை, உங்க மெஷின் நேரா ஒவ்வொரு சைட்டுக்கும் போறதால அந்தந்த சைட்டுக்கு உங்க ஐபி முகவரி தெரியும், ஹோஸ்டட்ல ஃபீடை எடுக்குறப்ப சைட்டுக்குத் தெரியாது, ஆனா ஹோஸ்டட் கம்பெனிக்கு உங்க மொத்த லிஸ்டும் தெரியும். ரெண்டுல எது பரவாயில்லன்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்க வேண்டியதுதான், எனக்கு முதலாவது பரவாயில்ல, ஏன்னா பிரவுசர்ல தொறந்தாலும் அந்த சைட்டுக்கு ஐபி தெரியத்தான் போகுது.

ஆபீஸ்ல கம்ப்யூட்டர், பஸ்ல போன், வீட்டுல டேப்லெட்னு மாறி மாறிப் படிக்கிறவங்களுக்கு லோக்கல் ஆப் சரிப்படாது, காலையில படிச்சது சாயங்காலம் இன்னொரு இடத்துல படிக்காததா நிக்கும், ரெண்டே நாள்ல வெறுத்துப் போகும். ஆப்பிள்காரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு, நெட்நியூஸ்வயர் ஐக்ளவுட் வழியா மேக்கையும் ஐபோனையும் ஒண்ணா வச்சுக்கும், அது இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2002ல இருந்து இருக்குற பேரு. மத்தவங்களுக்கு ஹோஸ்டட் தான் வழி. இலவச பிளான்ல ஃபீட்லி 100 ஃபீடு, 3 ஃபோல்டர் வரைக்கும், இனோரீடர் 150 ஃபீடு, நியூஸ்பிளர் 64. தனி ஆளுக்கு இது தாராளம், உண்மையா தினமும் படிக்கிற அளவு ஃபீடு 40, 50ஐத் தாண்டுறது கஷ்டம். நியூஸ்பிளர்ல ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும், இந்த எழுத்தாளர் வேணும், இந்த டேக் வேணாம், தலைப்புல இந்த வார்த்தை வந்தா ஒதுக்குன்னு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம், எதுக்காக ஒரு பதிவு மேல வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். சோஷியல் மீடியால எதுக்கு மேல வருதுன்னு யாருக்குமே தெரியாது, அங்கதான் வித்தியாசம்.

சோஷியல் மீடியான்னு சொன்னதால அதையும் ஒரு வார்த்தை. பேஸ்புக்ல பேஜைப் பின்தொடர்ந்தா போதாதா, வாட்சப் குரூப்ல லிங்க் வருதே, நியூஸ்லெட்டர் மெயில்ல வருதேன்னு கேப்பாங்க. பேஜைப் பின்தொடர்ந்தா அதுல வர்றதெல்லாம் உங்களுக்கு வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. வாட்சப்ல வந்த லிங்க் ரெண்டு நாள் கழிச்சுத் தேடினா மேல எங்கயோ போயிருக்கும். நியூஸ்லெட்டர் பரவாயில்ல, ஆனா அது பேங்க் மெயிலுக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் நடுவுல உக்காந்துக்கும், அந்த இடத்துல நிதானமா படிக்க மனசு வராது. இனோரீடர், ஃபீட்பின் மாதிரி சில சர்வீஸ்ல பணம் கட்டுற பிளான்ல நியூஸ்லெட்டருக்குன்னே ஒரு மெயில் முகவரி கொடுப்பாங்க, அதைப் போட்டு சந்தா கட்டினா நியூஸ்லெட்டரும் ரீடர்லயே வந்துடும். இதே வேலையை கில் த நியூஸ்லெட்டர்ங்கிற இலவச சர்வீஸும் செய்யும்.

எதை எடுத்தாலும் ஓபிஎம்எல் எக்ஸ்போர்ட் இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க. உங்க சந்தா லிஸ்ட் மொத்தமும் ஃபோல்டரோட ஒரே சின்ன ஃபைல்ல வந்துடும், அதை வேற எந்த ரீடர்லயும் ஏத்திக்கலாம். 2005ல வந்த கூகுள் ரீடரை 2013 மார்ச்ல மூடப் போறோம்னு அறிவிச்சு ஜூலை 1ஓட மூடினாங்க, அப்ப லட்சக்கணக்கானவங்க ராத்திரியோட ராத்திரியா வேற இடம் மாற முடிஞ்சதுக்குக் காரணம் இந்த ஃபைல்தான். இலவச சர்வீஸ் என்னைக்கும் இருக்கும்னு நம்பி உக்கார வேண்டாம், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல உங்களுக்கே அனுப்பி வச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், ஓபிஎம்எல்ல லிஸ்ட் மட்டும்தான் போகும், ஸ்டார் போட்டு வச்ச பதிவுகளோ படிச்சது படிக்காததுங்கிற கணக்கோ போகாது, அதனால ரொம்ப முக்கியமான கட்டுரையை ரீடர் ஸ்டார்ல மட்டும் நம்பி வைக்காதீங்க.

சொந்தமா சர்வர்ல போடுறதைப் பத்தி நீட்டப் போறதில்ல. கமாண்ட் லைன் பழக்கம் இருந்தா ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நல்லா இருக்கும், பிஎச்பியும் எஸ்க்யூலைட்டும் போதும், ராஸ்பெரி பை மாதிரி சின்ன கம்ப்யூட்டர்லயே ஓடும், மினிஃப்ளக்ஸுக்கு போஸ்ட்கிரெஸ் வேணும். பழக்கம் இல்லன்னா இதுக்காகக் கத்துக்கிட்டு இறங்க வேண்டாம், படிக்கிற நேரம் எல்லாம் சர்வரைப் பாக்குறதுலயே போயிடும். ஆனா வகுப்புக்கு வர்றப்ப இதே ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்க்கு வேற மதிப்பு இருக்கு, அங்க திரும்ப வர்றேன்.

இப்ப வகுப்பு. இதுல டீச்சருக்கு மூணு பாதை இருக்கு, மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வேலை. ஒண்ணு, ஒவ்வொரு மாணவரும் தனக்குன்னு ஒரு ரீடர் வச்சுப் படிக்கிறது. இன்னொண்ணு, டீச்சர் ஒரே ரீடர்ல லிஸ்ட் போட்டு, பசங்க எல்லாரும் அதைப் பாக்குறது. மூணாவது இதுக்கு நேர் தலைகீழ், பசங்க எழுதுறாங்க, டீச்சர் ரீடர்ல படிக்கிறாங்க.

முதல் பாதையோட தான் பலரும் ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. முதல் பீரியட் முழுக்க அக்கவுண்ட் தொறக்குறதுலயே போகும், ரெண்டாவது பீரியட்ல பாதிப் பேருக்குப் பாஸ்வேர்ட் மறந்திருக்கும், மூணாவது பீரியட்ல தான் படிக்கவே ஆரம்பிப்பீங்க. அது போக, 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்க அக்கவுண்ட் தொறக்கக் கூடாதுன்னு பல சர்வீஸ் விதிமுறையிலயே இருக்கும், சின்ன கிளாசுக்கு அதோட கதை முடிஞ்சுது. சரி, அக்கவுண்டே வேணாம், லோக்கல் ஆப் போடலாம்னு பாத்தா ஸ்கூல் லேப்ல இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்க, விட்டாலும் பல லேப்ல மெஷினை ஆஃப் பண்ணினா எல்லாம் பழையபடி ஆகிடுற மாதிரி வச்சிருப்பாங்க, லிஸ்ட் போயிடும். இன்னொரு நுட்பமான சிக்கல், முப்பது மெஷினும் ஒரே நெட் கனெக்ஷன்ல இருந்து ஒரே நேரத்துல ஒரே சைட்டைக் கேட்டா, சைட் பக்கத்துல இருந்து பாக்குறப்ப ஒரே ஆள் முப்பது தடவை தட்டுற மாதிரி இருக்கும், கொஞ்சம் உஷாரான சைட்டுகள் பதில் சொல்றதையே நிறுத்திடும். பசங்க கதவு மூடிக்கிச்சுன்னு நினைக்க மாட்டாங்க, ஆர்எஸ்எஸ் வேலை செய்யல மிஸ்னு தான் சொல்வாங்க.

கல்லூரிப் பசங்களுக்கு மட்டும் முதல் பாதை அர்த்தமுள்ளது. ப்ராஜெக்ட் பண்ற மாணவர் தன் துறைல என்ன வருதுன்னு தானே பாக்கக் கத்துக்கணும், ஆய்வுக் கட்டுரைகள் வர்ற ஆர்க்சிவ் மாதிரி இடத்துல ஒவ்வொரு பிரிவுக்கும் ஃபீட் இருக்கு, ஒரு தலைப்புல செய்தி வந்தா தெரியணும்னா கூகுள் அலர்ட்ஸையே மெயிலுக்குப் பதிலா ஆர்எஸ்எஸ்ஸா எடுத்துக்கலாம். இங்க லிஸ்ட் போடுறதே பாடம், அதை டீச்சர் செஞ்சு கொடுத்தா பாடம் போயிடும். ஸ்கூல்ல அப்படி இல்ல, அங்க படிக்கிறதும் ஒப்பிட்டுப் பாக்குறதும் தான் பாடம்.

அதனால ஸ்கூலுக்கு நான் ரெண்டாவது பாதையைத்தான் சொல்வேன், டீச்சரோட லிஸ்ட், எல்லாருக்கும் ஒரே பக்கம். இதை எப்படிக் காட்டுறதுன்னு பாத்தா, ரொம்ப சுலபமானது புரொஜெக்டர்ல ரீடரைத் தொறந்து வைக்கிறது, வகுப்புக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட், அதுல ஆறேழு ஃபீடு போதும். உங்க சொந்த ரீடரைப் புரொஜெக்டர்ல போடவே போடாதீங்க, நீங்க எதைப் படிக்கிறீங்கன்னு நாப்பது பேரு பாக்குறது ஒருபுறம், உங்களுக்கே அதுக்கப்புறம் மனசு விட்டு ஒரு ஃபீடு சேக்கத் தோணாது, இந்த ஃபீடைப் பசங்க பாத்தா என்ன நினைப்பாங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவீங்க. ஆரம்பத்துல ரெண்டையும் ஒரே இடத்துல வைக்காதீங்கன்னு சொன்னது முக்கியமா இதுக்காகத்தான்.

ஸ்கூல்ல மூடுல்ங்கிற ஆன்லைன் பாடத் தளம் ஓடுதுன்னா அதுலயே ரிமோட் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்னு ஒரு பெட்டி இருக்கு, கோர்ஸ் பக்கத்து ஓரத்துல தலைப்புகள் தானா வந்து நிக்கும், பசங்க புதுசா எங்கயும் லாகின் பண்ண வேண்டியதில்ல. இதுல எழுத்து முழுசா வராது, தலைப்பைத் தொட்டா அந்தந்த சைட்டுக்குப் போகும், பழசு தள்ளிப் போயிடும், படிச்சது படிக்காததுன்னு எதுவும் கிடையாது. செய்தி வாசிக்க இது போதும், ஒரு விஷயத்தை வாரக்கணக்கா தொடர்ந்து பாக்க இது போதாது. அதுக்குத்தான் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். அதுல லாகின் இல்லாமலே படிக்கலாம்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு முகவரியை போர்டுல எழுதிப் போட்டா போதும், பசங்க எந்த மெஷின்ல இருந்தும் பாத்துக்கலாம், எந்தப் பேரும் மெயில் ஐடியும் எங்கயும் பதிவாகாது, சைட்டுகளையும் ஒரே ஒரு சர்வர் தான் போய் தட்டும். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒருத்தர் ஆர்வமா இருந்தா இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியல. அவர் இல்லன்னா யாரு பாத்துக்குவாங்கன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும், இதுல அந்த ஒரு பலவீனம் உண்டு.

இந்தப் பாதைல என்ன பாடம் நடத்த முடியும்னு கேப்பீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணைச் சொல்றேன். விக்கிபீடியால ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறுன்னு ஒரு டேப் இருக்குல்ல, அந்த வரலாறுக்கே ஒரு ஆடம் ஃபீட் இருக்கு. அடிக்கடி மாறுற ஒரு பக்கத்தை எடுத்துக்கங்க, நடந்துக்கிட்டிருக்குற விண்வெளிப் பயணமோ ஒரு விளையாட்டுத் தொடரோ எதுவா இருந்தாலும் சரி, அந்த ஃபீடை வகுப்பு ரீடர்ல போடுங்க. மறுநாள் தொறந்தா ஒவ்வொரு திருத்தமும் ஒரு பதிவா வந்து நிக்கும், தலைப்புல யாரு திருத்தினாங்கன்னு இருக்கும், கூடவே ஏன் திருத்தினேன்னு அவர் எழுதின குறிப்பு, உள்ள பழைய வரி ஒரு பக்கம் புது வரி ஒரு பக்கம். ஒருத்தர் ஒரு எண்ணை மாத்தியிருப்பாரு, கொஞ்ச நேரத்துல இன்னொருத்தர் ஆதாரம் இல்லன்னு பழையபடி ஆக்கியிருப்பாரு, அப்புறம் மூணாவது ஆள் வந்து ஆதாரத்தோட அதே எண்ணைப் போட்டிருப்பாரு. பசங்க இதை வரிசையா படிக்கிறப்ப தான் ஒரு தகவல் எப்படி நிலைக்குதுன்னு அவங்களுக்கே புரியும், விக்கிபீடியாவை நம்பலாமா கூடாதான்னு மணிக்கணக்கா பேசினாலும் இந்த அளவு புரியாது. இதைப் பக்கத்தைத் தொறந்து காட்டியும் செய்யலாம்தான், ஆனா நேத்து எது வரைக்கும் பாத்தோம், இன்னைக்கு என்ன புதுசுங்கிற கணக்கை ரீடர் வச்சிருக்கும், தினமும் அஞ்சு நிமிஷம்னு நடத்துறதுக்கு அது ரொம்ப வசதி.

அதே சமயம் ரீடர் ஒரு விஷயத்தை மறைச்சுடும், அதை வகுப்புல வெளிப்படையா பேசணும். எல்லா சைட்டும் ஒரே எழுத்து, ஒரே வெள்ளைப் பின்னணில வரும். விளம்பரம் நிறைஞ்ச ஒரு சைட்டும், பல காலமா நடக்குற ஒரு பத்திரிகையும், தனி ஆள் எழுதுற பிளாகும் பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி நிக்கும். பெரியவங்க நமக்கு இது நிம்மதி. பசங்களுக்கோ எது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ற அடையாளம் எல்லாம் காணாம போயிடுது, தலைப்புக்கு மேல குட்டி எழுத்துல இருக்குற பேரு மட்டும்தான் மிச்சம். இதையே பாடமா மாத்திக்கலாம், ஒரே செய்தியை மூணு ஃபீடுல இருந்து எடுத்துப் பேரை மறைச்சுப் படிக்கச் சொல்லுங்க, எது முதல்ல வந்துச்சுன்னு நேரத்தைப் பாக்கச் சொல்லுங்க, யாரு ஆதாரம் சொல்லியிருக்காங்க யாரு சொல்லலன்னு பிரிக்கச் சொல்லுங்க, கடைசியில பேரைக் காட்டுங்க. அலங்காரம் இல்லாம எழுத்தை மட்டும் வச்சு எடை போடுறது ஒரு நல்ல பழக்கம். பேசாம விட்டா மட்டும் ஆபத்து.

மூணாவது பாதை, பசங்க எழுத டீச்சர் படிக்கிறது, இதுதான் ஃபீட் ரீடருக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்கும். நாப்பது பிளாகைத் தினமும் ஒவ்வொண்ணா தொறந்து பாக்க எந்த டீச்சருக்கும் முடியாது, ரீடர்ல ஒரு ஃபோல்டர்ல போட்டா எழுதினவங்க பதிவு மட்டும் வந்து நிக்கும், யாரு ரொம்ப நாளா எழுதலங்கிறதும் பளிச்னு தெரியும். வேர்ட்பிரஸ்ல முகவரிக்குப் பின்னாடி ஸ்லாஷ் போட்டு ஃபீட்னு அடிச்சா முழு ஃபீடும் வரும், ஆனா அதைவிட அந்தப் பிரிவோட ஃபீடை எடுங்க. பாடத்துக்கு எழுதுறதை ஒரே கேட்டகரில போடச் சொல்லி அந்தக் கேட்டகரி பக்கத்து முகவரிக்குப் பின்னாடி ஃபீட் சேத்தா போதும், பிளாகர்லயும் லேபிளுக்குத் தனி ஃபீட் உண்டு. இப்படிச் செஞ்சா ஒரு பொண்ணு தனக்காக எழுதுற கவிதையோ புலம்பலோ உங்க ரீடருக்கு வராது, அது வரக் கூடாது. கமெண்டுக்கும் தனி ஃபீட் இருக்கு, பசங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதுறது எப்படிப் போகுதுன்னு பாக்க அதையும் சேத்துக்குங்க, சண்டை ஆரம்பிச்சா அன்னைக்கே தெரியும்.

இந்தப் பாதைக்கு நான் ஹோஸ்டட் தான் எடுப்பேன், மேல சொன்னபடி நீங்க தொறக்காத நாள்லயும் அது எடுத்து வச்சிருக்கும், வீட்டுலயும் ஸ்டாஃப் ரூம்லயும் விட்ட இடத்துல இருந்து படிக்கலாம். ஃபீட்லி இலவச பிளான்ல ஃபோல்டர் 3 தான், மூணு செக்ஷனுக்கு மேல எடுக்குறவங்களுக்கு இடிக்கும். கமெண்ட் ஃபீடைச் சேக்காம கணக்குப் பாத்தா, நியூஸ்பிளரோட 64 ஒரு வகுப்புக்குச் சரி, ரெண்டு வகுப்புக்குப் பத்தாது. இனோரீடரோட 150 மூணு வகுப்பு வரைக்கும் தாங்கும். அப்புறம் பசங்க கிட்ட முதல் நாளே ஒண்ணைச் சொல்லிடணும், இது என்னைப் பொறுத்தவரைக்கும் கட்டாயம்: நீ பதிவை அழிச்சாலும், அதுக்கு முன்னாடி ரீடர் எடுத்திருந்தா ஒரு காப்பி என் கிட்ட இருக்கும். ராத்திரி கோவத்துல எழுதிக் காலையில அழிக்கிற வயசு அது. அப்படி ஒண்ணு வந்துச்சுன்னா படிக்காம அழிச்சுடுவேன்னும் சொல்லிடுங்க, சொன்னபடி அழிக்கவும் செய்யுங்க.

முழுப் பதிவா வர்ற ஃபீட், சுருக்கம் மட்டும் வர்ற ஃபீட்னு ரெண்டு உண்டு, பசங்க பிளாக்ல முழுசா வர்ற மாதிரி செட்டிங்ல மாத்தச் சொல்லிடுங்க, இல்லன்னா நாப்பது லிங்கைத் தொடணும், ரீடர் வச்சும் பிரயோஜனம் இல்ல. வெளி சைட் சுருக்கம்தான் கொடுக்குதுன்னா மினிஃப்ளக்ஸ், ஃபீடர், நெட்நியூஸ்வயர் மூணுமே பக்கத்துக்குப் போய் முழுக் கட்டுரையை எடுத்து வரும், எல்லா சைட்லயும் சரியா வராது, பெரும்பாலும் வரும்.

ஆக டீச்சரா இருந்தா, சொந்த வாசிப்புக்கு போன்ல லோக்கல் ஆப், பசங்க எழுத்தைப் படிக்க ஒரு ஹோஸ்டட் அக்கவுண்ட், வகுப்புல காட்ட வேற ஒரு அக்கவுண்ட், முடிஞ்சா ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். மூணான்னு மலைக்காதீங்க, செட் பண்றது ஒரு சாயங்கால வேலை. வருஷக் கடைசில வகுப்பு லிஸ்டை ஓபிஎம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணிப் பெரிய பசங்களுக்குக் கொடுத்து அனுப்புங்க, வருஷம் பூரா பாத்த ஃபீடுகளை அவங்கவங்க போன்ல ஏத்திக்கிட்டுத் தானே படிக்கலாம், அந்த நேரத்துல அவங்களுக்குச் சொந்த ரீடர் தேவைப்படும். கொடுக்குறதுக்கு முன்னாடி ஃபைலை ஒரு நோட்பேட்ல தொறந்து ஒரு தடவை பாத்துடுங்க, உள்ள எல்லா முகவரியும் எழுத்தாவே இருக்கும், மாணவர் பிளாக் ஏதாவது அதுல கலந்திருந்தா அந்த வரியை அழிச்சுட்டு அனுப்புங்க.